'சார்ஜ்' என்ற ஒரு சொல்லை அரபியில் எழுதும்போது

ஆங்கிலத்தின் 'சார்ஜ்' தமிழுக்கு வந்தபோது தன் பொருள்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. போனைச் சார்ஜில் போடுகிறோம். டெலிவரி சார்ஜ் எவ்வளவு என்று கேட்கிறோம். போலீஸ் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்கிறது, லத்தி சார்ஜ் நடத்துகிறது. புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கிறார், அவர் இல்லாத நாளில் வேறொருவர் இன்சார்ஜ். பேசும்போது இதில் ஒரு குழப்பமும் இல்லை. அரபியில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அரபி இந்தப் பொருள்களுக்கு ஒரே சொல்லை வைத்திருக்கவில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் பிழையாக நிற்பதோடு முடிவதில்லை, பல நேரம் வேறொரு பொருளில் சரியான வாக்கியமாகிவிடுகிறது. அதனால் தவறு கண்ணில் படாமலே போய்விடும்.

அகராதியைத் திறக்கும் முன் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. 'சார்ஜ்' என்பதை எடுத்துவிட்டு, அந்த வாக்கியத்தை நல்ல தமிழில் சொல்லிப் பாருங்கள். மின்னேற்று, கட்டணம், குற்றச்சாட்டு, தடியடி, பொறுப்பு என்று தமிழே பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடும். அரபிச் சொற்கள் ஏறக்குறைய அந்தப் பிரிவுகளின்படிதான் அமைந்திருக்கின்றன. ஆங்கிலத்திலிருந்து நேரே அரபிக்குப் போவதைவிட, தமிழ் வழியாகப் போவது நமக்கு உண்மையிலேயே பாதுகாப்பான பாதை.

எல்லோரும் முதலில் கற்பது 'ஷஹ்ன்'. ஷீன், ஹா, நூன் என்ற மூன்று எழுத்து வேர். வினையாகச் சொன்னால் 'ஷஹன'. இதன் மூலப்பொருள் ஏற்றுதல், நிரப்புதல். குர்ஆனில் 'அல்ஃபுல்கில் மஷ்ஹூன்', அதாவது நிரம்ப ஏற்றப்பட்ட கப்பல், என்ற தொடர் மூன்று இடங்களில் வருகிறது (26:119, 36:41, 37:140). மின்சாரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கப்பலில் சரக்கு ஏற்றியதைக் குறித்த சொல், பிறகு பேட்டரிக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலச் சொல்லின் கதையும் இதுவேதான். அதன் வேர் வண்டியைக் குறிக்கும் 'காருஸ்' என்ற லத்தீன் சொல். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதைச் சொல்லும் வினை பிறந்தது. கார்கோ என்ற சொல்லும் அதே குடும்பம்.

தமிழின் 'ஏற்று' இந்த இடத்தில் அச்சாகப் பொருந்துகிறது. லாரியில் சரக்கு ஏற்றுகிறோம், பேட்டரிக்கு மின் ஏற்றுகிறோம், சிம்முக்குக் காசு ஏற்றுகிறோம். மூன்றுக்கும் அரபியில் ஷஹ்ன்தான். ரீசார்ஜ் அட்டை 'பிதாகத் ஷஹ்ன்', இருப்புத்தொகையை ஏற்றுவது 'ஷஹ்னுர் ரஸீத்'. ஆகவே ஒரு கைவிதி: தமிழில் 'ஏற்று' பொருந்தினால் அரபியில் ஷஹ்ன் பொருந்தும். 'அவன்மேல் திருட்டுக் குற்றம் ஏற்றினார்கள்' என்று யாரும் சொல்வதில்லை, அங்கே ஷஹ்ன் வராது. 'கடைக்காரர் 100 ரூபாய் ஏற்றினார்' என்றால் விலையைக் கூட்டினார் என்றாகிவிடும், அங்கும் வராது.

இந்த வேரில் கவனிக்கவேண்டிய இடங்கள் நிறைய. சார்ஜர் 'ஷாஹின்'. அதன் கடைசியில் தா மர்பூத்தா என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் 'ஷாஹினா', அது லாரி. ஓர் எழுத்து கூடிவிட்டால் போன் கடையில் லாரி கேட்டதாக ஆகும். நடுவெழுத்தை வேறு ஹாவாக மாற்றி, இகரத்தை நீட்டினால் 'ஷாஹீன்', அது வல்லூறு. தமிழ் எழுத்தில் இரண்டு ஹாவும் ஒன்றாகவே தெரிவதால், தமிழ் வழி அரபி படிப்பவர்கள் இதை அரபி எழுத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஷாஹினில் வருவது தொண்டையின் நடுவிலிருந்து அழுத்தி எழுப்பும் ஹா. ஷாஹீனில் வருவது 'ஹுஜூம்' என்பதில் வரும் மெல்லிய ஹா.

சரக்கும் மின்சாரமும் ஒரே சொல்லில் இருப்பதால் வரும் பெரிய சிக்கல் கட்டணப் பலகைகளில் தெரியும். 'ஷஹ்ன் மஜ்ஜானி' என்று இணையக் கடையில் எழுதியிருந்தால் பொருளை இலவசமாக அனுப்பிவைப்பார்கள் என்று பொருள். அதையே மின்னேற்ற மேசையில் ஒட்டினால் இலவசமாகப் போனுக்கு மின்னேற்றலாம் என்று பொருள். இடம் காப்பாற்றுகிறது. ஆனால் ஒரு செயலியின் பட்டியலில் 'ருஸூமுஷ் ஷஹ்ன்' என்று மட்டும் போட்டால், படிப்பவர் அனுப்புகைக் கட்டணம் என்றே எடுத்துக்கொள்வார். மின்வாகனச் செயலியில் அது தவறான தகவல். 'ஷஹ்னுஸ் ஸய்யாராத்' என்பதும் அப்படியே. கார்களைக் கப்பலேற்றி வேறு நாட்டுக்கு அனுப்பும் தொழிலுக்கு அதுதான் பெயர். 'நிலையம்' என்ற சொல்லை முன்னால் வைத்து, 'மின்சார' என்ற அடையைப் பின்னால் சேர்த்து, 'மஹத்தத் ஷஹ்னிஸ் ஸய்யாராத்தில் கஹ்ரபாயிய்யா' என்று முழுதாக எழுதினால்தான் தெளிவு. நீளம்தான், ஆனால் இந்த இடத்தில் சுருக்கக்கூடாது.

இயற்பியலில் வரும் சார்ஜுக்கு 'ஷிஹ்னா'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம், இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம். நேர் மின்னூட்டம் 'ஷிஹ்னா மூஜபா', எதிர் மின்னூட்டம் 'ஷிஹ்னா ஸாலிபா'. எலக்ட்ரானின் மின்னூட்ட அளவான 1.602 × 10⁻¹⁹ கூலும் பற்றி எழுதும்போது ஷிஹ்னா வரவேண்டும், ஷஹ்ன் வரக்கூடாது. ஷஹ்ன் என்பது ஏற்றும் செயல், ஷிஹ்னா என்பது ஏறி இருக்கும் அளவு. அதே ஷிஹ்னா வணிகத்தில் ஒரு முறை அனுப்பிய சரக்கையும் குறிக்கும்.

இதற்கு இன்னொரு பழைய வாழ்க்கையும் இருக்கிறது. நகரைக் காக்க நிறுத்தப்பட்ட படையையும், பிறகு அதன் தலைவரையும் ஷிஹ்னா என்றார்கள். பாரசீகம் வழியாக அது தில்லிக்கு வந்தது. அலாவுதீன் கில்ஜி (ஆட்சி 1296–1316) தானியச் சந்தையைக் கண்காணிக்க அமர்த்திய அதிகாரியின் பதவிப்பெயர் 'ஷஹ்னா-இ-மண்டி'. நாம் இன்று இன்சார்ஜ் என்போமே, அவரேதான். இன்றைய அரபியில் பொறுப்பாளர் என்ற பொருளில் ஷிஹ்னாவை யாரும் பயன்படுத்துவதில்லை, எழுதிவிடாதீர்கள். இரு மொழிகளும் ஏற்றுதலிலிருந்து கிளம்பி ஒரு காலத்தில் அதே இடத்தைத் தொட்டிருக்கின்றன என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது கட்டணம். இங்கே ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது. யார், எதற்காக வாங்குகிறார் என்று பார்த்துத்தான் சொல் அமையும். அரசு அலுவலகம், வங்கி, பல்கலைக்கழகம் ஆகியவை வாங்குவது 'ரஸ்ம்', பன்மையில் 'ருஸூம்'. சர்வீஸ் சார்ஜ் 'ருஸூமுல் கித்மா'. கூடுதலாக வாங்கினால் 'ரஸ்ம் இளாஃபீ'. ரஸ்ம் என்றால் வரைதல், ஓவியம் என்றும் பொருள். 'ருஸூம் முதஹர்ரிக்கா' என்றால் அசையும் கட்டணம் இல்லை, கார்ட்டூன் படம். டாக்ஸிக்குக் கொடுப்பது 'உஜ்ரா'. அரபு நாடுகளில் டாக்ஸியின் தலையில் எரியும் பலகையில் இருப்பதும் இதே சொல்தான். உழைப்புக்குக் கூலியும் உஜ்ராதான். கடையில் பொருளின் விலையைக் கேட்டால் 'ஸிஃர்' அல்லது 'ஸமன்'. இவற்றுக்கு ருஸூம் என்று எழுதினால் கடைக்காரர் அரசு அலுவலகம் நடத்துவதுபோல் தொனிக்கும்.

வினையாக வரும்போது 'தகாளா'. 'தகாளா மின்ஹு மிஅத்த ரியால்', அதாவது அவரிடமிருந்து 100 ரியால் வாங்கினார். தொகை நேரடியாக வரும், ஆளுக்கு முன் 'மின்' வரும். இந்த 'மின்' விட்டுப்போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சம்பளம் வாங்குவதற்கும் இதே வினைதான். இதன் பெயர்ச்சொல்லான 'தகாளீ' சட்ட நூல்களில் வழக்காடுதலைக் குறிக்கிறது. 'ஹக்குத் தகாளீ' என்பது நீதிமன்றத்தை நாடும் உரிமை, கட்டணம் வாங்கும் உரிமை இல்லை. பேச்சில் இவ்வளவு தேவைப்படாது. 'கம் தஃகுத்?', எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள், என்றால் போதும்.

வங்கி அட்டையிலிருந்து பணம் போனால் 'கஸ்ம்'. 'உங்கள் கணக்கிலிருந்து 50 திர்ஹம் கஸ்ம் ஆகியது' என்று குறுஞ்செய்தி வரும். கடை வாசலில் '50% கஸ்ம்' என்று எழுதியிருந்தால் அது தள்ளுபடி. கழித்தல் என்ற ஒரே கருத்துத்தான். ஒன்றில் உங்கள் பணத்திலிருந்து கழிகிறது, மற்றதில் விலையிலிருந்து கழிகிறது. பின்னால் வரும் இடைச்சொல்லைப் பாருங்கள்: 'மின்' வந்து கணக்கோ அட்டையோ தொடர்ந்தால் பணம் பிடித்தம், 'அலா' வந்து பொருள்கள் தொடர்ந்தால் தள்ளுபடி. நீதிமன்றத் தாளில் அதே எழுத்துகளில் கஸ்ம் வந்தால் எதிர்க்கட்சிக்காரர்.

'என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் வரும் சார்ஜுக்கு 'கய்யித் அலா ஹிஸாபீ'. கய்யித் என்றால் பதிந்துவை. அதன் வேர் 'கைத்', விலங்கு. நம் ஊரில் வழங்கும் 'கைதி' அங்கிருந்துதான் வந்தது. கணக்கேட்டின் பதிவையும் 'கைத்' என்றே சொல்வார்கள்.

செயலிகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடைக்காரர் கையிலிருக்கும் பணம் வாங்கும் செயலியில் 'சார்ஜ்' என்று ஒரே ஒரு பொத்தான் இருக்கும். மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்தச் சொல் மட்டும் தனியாக வரும், சூழல் தெரியாது. மொழிபெயர்ப்பவர் ஷஹ்ன் என்று எழுதிவிட்டால் கடைக்காரர் இயந்திரத்துக்கு மின்னேற்றும் பொத்தான் என்று நினைப்பார். அங்கே பொருந்துவது 'தஹ்ஸீல்', வசூலித்தல். தாசில்தாரில் இருக்கும் தாசில் இதுதான், அதனால் நமக்கு மறக்காது. தனிச்சொல்லாக ஒரு கோப்பு வந்தால் திரையின் படத்தைக் கேட்டு வாங்காமல் எழுதத் தொடங்காதீர்கள்.

குற்றச்சாட்டில்தான் விளைவு கடுமையானது. குற்றச்சாட்டு 'துஹ்மா', பன்மை 'துஹம்'. சார்ஜ் ஷீட் 'லாயிஹத்து இத்திஹாம்'. அவர்மேல் குற்றம் சாட்டினார்கள் என்பதற்கு 'வஜ்ஜஹூ இலைஹி துஹ்மா', அவரை நோக்கி ஒரு குற்றச்சாட்டைத் திருப்பினார்கள் என்று நீதிமன்ற அரபி சொல்லும். திருட்டுக் குற்றச்சாட்டின்பேரில் என்றால் 'பி துஹ்மத்திஸ் ஸரிகா'. செய்தி மொழிபெயர்ப்பவர்கள் மூன்று படிகளைக் கலக்கவே கூடாது. சந்தேகத்துக்குரியவர் 'முஷ்தபஹ் பிஹி'. குற்றம் சாட்டப்பட்டவர் 'முத்தஹம்'. குற்றம் நிரூபிக்கப்பட்டவர் 'முதான்'. முத்தஹமாக இருக்கும் ஒருவரை முதான் என்று எழுதினால் நீதிபதி சொல்லாத தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் சொன்னதாகும்.

வாசிப்பவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. குற்றம் சாட்டுபவர் 'முத்தஹிம்', சாட்டப்பட்டவர் 'முத்தஹம்'. குறில் குறியீடுகள் இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகள்தான். உரக்கப் படிக்கும்போது ஓர் உயிரொலி மாறினால் ஆளே மாறிவிடுவார். அந்த இடத்தில் மட்டும் குறியீடு போட்டு எழுதுவது நல்ல பழக்கம்.

நம் நீதிமன்றத் தமிழில் வக்கீல், ஜாமீன், ஆஜர் எல்லாம் அரபி வேரிலிருந்து வந்தவை, துஹ்மா மட்டும் வரவில்லை. தெரிந்த சொற்களிலும் ஏமாறக்கூடாது. ஜாமீன் அரபியில் 'ளாமின்', பிணை நிற்கும் ஆள். பிணைக்கு இன்றைய அரபி நீதிமன்றங்களில் வழங்கும் சொல் 'கஃபாலா'.

பொறுப்புக்கு வருவோம். 'மஸ்ஊல்' என்பதன் நேர்ப்பொருள் கேட்கப்படுபவர். ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பார்களோ அவர் பொறுப்பாளர். தமிழில் 'பொறு' என்ற வினையிலிருந்து பொறுப்பு வந்தது. தமிழில் பாரத்தைத் தாங்குபவர், அரபியில் கேள்விக்குப் பதில் சொல்பவர். மஸ்ஊலுக்குப் பின் 'அன்' வரவேண்டும். தமிழின் 'மேல்' பழக்கத்தில் 'அலா' போடுவது தவறு. பதவியை எடுத்துக்கொள்வது 'தவல்லா'.

ஆங்கிலம் இதில் ஒரு பொறி வைத்திருக்கிறது. ஒரே ஒரு 'தி' என்ற சுட்டுச்சொல் இடையில் வந்தால் திசை திரும்பிவிடும். 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் செவிலியர் குழந்தைக்குப் பொறுப்பு. 'இன் தி சார்ஜ் ஆஃப்' என்றால் குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டாவதற்கு மஸ்ஊல் எழுதினால் குழந்தை செவிலியரை மேய்ப்பதாகும். ஆள் என்றால் 'ஃபீ ரிஆயத்', பராமரிப்பில். பொருள் என்றால் 'ஃபீ உஹ்தத்', ஒப்படைப்பில். தூதர் இல்லாதபோது தூதரகத்தை நடத்துபவருக்குத் தனிப்பெயர் இருக்கிறது: 'அல்காயிம் பில் அஃமால்', வேலைகளை நிறைவேற்றி நிற்பவர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'ஷார்ஜே தஃபேர்' என்ற பதவி இது. தூதரகத் தலைவர்களின் மூன்று வகுப்புகளில் ஒன்றாக 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் இதை வைத்திருக்கிறது. இங்கே மஸ்ஊல் எழுதினால் வெறும் அதிகாரி என்றே படிப்பார்கள்.

இனி மிகக் கடினமான இடம். 'சார்ஜ்டு வித்' என்று ஆங்கிலத்தில் வந்தால் மூன்று வழிகள் திறந்திருக்கும், மூன்றிலும் அரபி 'பி' என்ற இடைச்சொல்லையே போடுகிறது. அதனால் இடைச்சொல் இங்கே உதவாது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டார்: 'உத்துஹிம பிஸ்ஸரிகா'. திருட்டை விசாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டார்: 'குல்லிஃப பித்தஹ்கீக் ஃபிஸ்ஸரிகா'. சூழல் பதற்றத்தால் நிறைந்திருந்தது: 'மஷ்ஹூனா பித்தவத்துர்'. முதலாவதும் இரண்டாவதும் மாறினால் விசாரணை அதிகாரி திருடனாகிவிடுவார். ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். 'வித்' என்பதற்குப் பின் வருவது அவர் செய்ததாகச் சொல்லப்படும் செயலா, இனி செய்யவேண்டிய செயலா? முன்னது இத்திஹாம், பின்னது 'தக்லீஃப்'.

தக்லீஃப் அருமையான சொல். 'கல்லஃப' என்றால் ஒருவர்மேல் ஒரு கடமையைச் சுமத்துவது. மார்க்கக் கடமைகளுக்கு உட்பட்டவரை 'முகல்லஃப்' என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படைச் சொல், தமிழ் மதரசாக்களில் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதே வினை 'பி' இல்லாமல் வந்தால் செலவு வைப்பது: 'கம் யுகல்லிஃப் ஹாதா?', இதற்கு எவ்வளவு ஆகும்? கடமை, செலவு ஆகிய இரண்டு சார்ஜும் ஒரே அரபி வேரில் இப்படிச் சேர்கின்றன.

தாக்குதலைச் சுருக்கமாக முடிக்கலாம். பொதுவாக 'ஹுஜூம்', பாய்ந்து விழுவதற்கு 'இன்கள்ள அலா'. பழைய போர் வருணனைகளில் 'ஹமல அலா' வரும். ஹமல என்றால் சுமந்தான், 'அலா' சேர்ந்தால் தாக்கினான். சுமையிலிருந்து தாக்குதலுக்குப் போகும் பாதையை ஆங்கிலமும் அரபியும் தனித்தனியே கண்டிருக்கின்றன. லத்தி சார்ஜுக்கு நிலையான ஒரு சொல்லைத் தேடவேண்டாம், 'ஹுஜூம் பில் ஹிராவாத்', தடிகளால் தாக்குதல், என்று விளக்கி எழுதினால் போதும். வெடிமருந்துக்கு வரும் சார்ஜ் துப்பாக்கிக் குண்டுக்குள் இருந்தால் 'ஹஷ்வா', மறைத்துவைத்த வெடிகுண்டு என்றால் 'உபுவ்வா நாஸிஃபா'. ஹஷ்வா பல்லில் அடைப்பதற்கும் உணவுக்குள் வைக்கும் பூரணத்துக்கும் வரும் சாதாரணச் சொல், சமையல் குறிப்பில் கண்டால் பதற வேண்டாம்.

கடைசியாக 'டிஸ்சார்ஜ்'. சார்ஜுக்கு எழுதிய சொல்லை எதிர்மறையாக்கி இதை எழுதலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த வழி ஒரே ஒரு பொருளுக்குத்தான் செல்லும். பேட்டரி இறங்குவது 'தஃப்ரீக்', காலியாக்குதல். லாரியிலிருந்து சரக்கு இறக்குவதும் அதே. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது 'குரூஜ்', வெளியேறுதல். படைப்பணியிலிருந்து விடுவிப்பது 'தஸ்ரீஹ்'. ஆற்றிலோ குழாயிலோ நீர் வெளியேறுவது 'தஸ்ரீஃப்'. புண்ணிலிருந்தோ உடலிலிருந்தோ கசிவது 'இஃப்ராஸாத்', பெரும்பாலும் பன்மையில். கடனிலிருந்து விடுபடுவது 'இப்ராஉத் திம்மா'. இவற்றில் மருத்துவத் தாள்களைத்தான் மிகுந்த கவனத்தோடு பார்க்கவேண்டும், ஏனென்றால் ஒரே பக்கத்தில் இரண்டு டிஸ்சார்ஜ் வரும். காயத்தைப் பற்றிய வரியில் இஃப்ராஸாத், தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் வரியில் குரூஜ்.